எட்ட நின்று பார்த்த நாரைகள்

சிவகாசி

சத்தத்தை விற்றுப் பிழைக்கிற ஊர் என்று சிவகாசியைச் சொல்வார்கள். பயர் ஆபீஸ் என்று இங்கே சொல்கிற பட்டாசு ஆலை ஒன்றுக்குள் போய் நின்று பார்த்தவர்களுக்கு அந்தப் பேச்சு பொருந்தாததாகத் தோன்றும். உள்ளே அவ்வளவு அமைதி. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே வெயில் காயும் வெற்றுத் தரை. செருப்பு வாசலோடு நின்றுவிடும். செல்போன் கேட்டைத் தாண்டாது. எதையும் தரையில் இழுக்கக் கூடாது, ஓடக் கூடாது, பதறக் கூடாது. மருந்து கலக்கிற வேலையை வெயில் ஏறும் முன்பே முடித்துவிடப் பார்ப்பார்கள்.

பெரியப்பா மகன் இந்த ஒழுங்கிலேயே வாழ்நாளைக் கழித்தவர். போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றுவிட்டார். இன்றைக்கும் வீட்டில் ஒரு நாற்காலியைக்கூட இழுத்துப் போட மாட்டார், தூக்கித்தான் வைப்பார். ராமநாதபுரம் கரையோரம் பறவைகளைப் படம் எடுக்கப் போகிறேன் என்றதும், "நானும் வாரேன் தம்பி. ஆயுசு பூரா சத்தத்தைச் செஞ்சு அனுப்பியாச்சு. அதைக் கேட்டு ஓடுற உசுருகளையும் ஒரு தடவை பாத்துருவோம்" என்றார்.

இந்தத் தொழில் இங்கே வேர் பிடித்ததற்கு வானம்தான் காரணம். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பினார்கள். மழை குறைந்த, காற்றில் ஈரம் இல்லாத இந்தக் கரிசல் மண் குச்சி காயவும் மருந்து காயவும் தோதாக இருந்தது. விவசாயத்தைக் கைவிட வைத்த அதே வறட்சி, தீப்பெட்டிக்கும் பிறகு பட்டாசுக்கும் மூலதனம் ஆனது. இன்று நாட்டில் வெடிக்கிற பட்டாசில் சுமார் 90 சதவீதம் இந்த வட்டாரத்தில் செய்ததுதான். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை போட்டு, தீபாவளியன்று வெடிக்க இரவில் இரண்டு மணி நேரம் மட்டும் ஒதுக்கியது. அந்தத் தீர்ப்பைப் பற்றி அண்ணனிடம் பேச்சை எடுத்தால் எளிதில் முடியாது. "சரம் பின்னுன பொம்பளைகளுக்கு வேற என்ன வேலை தெரியும்?" என்பதில் தொடங்குவார். வழி நெடுக அதைக் கேட்டுக்கொண்டே போனேன்.

விருதுநகர் – கமுதி

விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிடாமல் யாரும் ஊரைத் தாண்டுவதில்லை. தோசைக்கல்லில் எண்ணெயை ஊற்றி முறுமுறுவென்று பொரித்தெடுத்துப் பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றுகிறார்கள். எனக்கு ஊரே இதுதான். மிளகாய்க்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் விலை சொல்கிற ஊர். தண்ணீரை மட்டும் எப்போதும் எங்கிருந்தோ எதிர்பார்த்திருக்கும் ஊர். எங்கள் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. ஐப்பசியும் கார்த்திகையும் கருணை காட்டினால் கண்மாய் நிறையும். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டுவரை ஆடுகள் மேயும் பொட்டலாகக் கிடக்கும்.

அருப்புக்கோட்டையைத் தாண்டிக் கிழக்கே போகப் போக மண் இன்னும் தட்டையாகிறது. தை மாதமானதால் மல்லியும் பருத்தியும் மிளகாயும் பச்சை காட்டி நின்றன. கமுதி அருகே 2016இல் வந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தின் பலகைகள் கண்ணுக்கெட்டிய மட்டும் விரிகின்றன. தூரத்தில் அவை மின்னுவதைப் பார்த்து, "ஏதோ பெரிய கண்மாய்" என்றார் அண்ணன். பக்கத்தில் போனதும் சிரித்துக்கொண்டார். குண்டாற்றில் மணலும் சீமைக்கருவேலமும் தெரிந்தன. அதன் ஓரங்களில் கரிமூட்டம் புகைந்துகொண்டிருந்தது. விளைச்சல் பொய்த்த ஊர்களுக்குச் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரி சுடுவது ஒரு வருமானம். கரி, கந்தகம், வெடியுப்பு என்று விரல்விட்டு எண்ணிய அண்ணன், "மூணுல ஒண்ணு இங்கயே கெடக்கு" என்றார். தொழில் அவரை விட்டுப் போகவில்லை.

இந்தப் பாதைக்குத் துணையாக இன்னொரு பயணமும் நடக்கிறது. சிவகாசிப் பக்கம் பெய்கிற மழை வைப்பாற்றிலும், அருப்புக்கோட்டைப் பக்கம் பெய்கிற மழை குண்டாற்றிலும் இறங்கி, கண்மாய் கண்மாயாக நிரப்பிக் கலுங்கு தாண்டி, மிஞ்சியது மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. பெரும்பாலான ஆண்டுகளில் எதுவும் மிஞ்சுவதில்லை. மிஞ்சிய ஆண்டுகளில் பறவைகளுக்குக் கொண்டாட்டம்.

சித்திரங்குடி

முதுகுளத்தூர் வட்டாரத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் இரண்டும் 1989இல் பறவைகள் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டவை. 2022இல் இரண்டுக்கும் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி அறிவிக்கப்பட்டது. சரணாலயம் என்ற சொல்லைக் கேட்டு அடர்ந்த காட்டை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாறுவார்கள். இது வயலுக்கு நீர் பாய்ச்ச மனிதர்கள் வெட்டிய கண்மாய். கரை, மடை, கலுங்கு எல்லாம் உண்டு. உள்வாயில் தண்ணீருக்கு நடுவே கருவேல மரங்கள். அந்த முள் மரங்களின் உச்சியில்தான் நாரைகளின் குடியிருப்பு.

கரையில் கால் வைத்ததும் முதலில் வந்தது நாற்றம். மீனும் எச்சமும் கலந்த புழுங்கல் நெடி. பிறகு சத்தம். வளர்ந்த மஞ்சள் மூக்கு நாரைக்குக் குரல் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. அலகைத் தட்டிக் கடகடவென்று ஒலி எழுப்பும், அவ்வளவுதான். கூச்சல் முழுக்கக் குஞ்சுகளுடையது. இரை கொண்டுவந்த தாய் கூட்டின் விளிம்பில் இறங்கியதும் அவை கழுத்தை நீட்டித் தலையை ஆட்டி ஆட்டிக் கத்துகின்றன. அடுத்த மரத்தில் கூழைக்கடாக் குஞ்சு தாயின் தாடைப்பைக்குள் தலையைக் கழுத்துவரை நுழைத்து மீனைத் தேடுகிறது. கீழ்க்கிளைகளில் வெள்ளை அரிவாள் மூக்கன், நீர்க்காகம், நத்தைகுத்தி நாரை.

முக்காலியை நிறுத்தி லென்சைத் திருகுவதற்குள் அண்ணன் கரைச் சரிவில் ஒரு புதரின் நிழலில் உட்கார்ந்துவிட்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். போனை அணைத்துவிட்டார். அரை மணி நேரம் அசையவே இல்லை. அவருக்குப் பத்தடி முன்னால் ஒரு மடையான் வந்து இறங்கி, அவர் இருப்பதையே பொருட்படுத்தாமல் தவளையைக் கொத்தியது. நான் அதற்கு இரண்டு மடங்கு தூரத்தில், புள்ளிபோட்ட பச்சைச் சட்டையும் தொப்பியும் மாட்டிக்கொண்டு நின்றேன். என் பக்கம் எதுவும் வரவில்லை. மருந்து அறையில் பழகிய உடம்புக்குக் காட்டிலும் எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை என்று அப்போது தெரிந்தது.

வரப்பில் ஆடு பத்திக்கொண்டு வந்த பெரியவர் நின்று பேசினார். மழை நின்ற வருசங்களில் ஒரு பறவைகூட எட்டிப் பார்ப்பதில்லை என்றார். "தண்ணி நின்னாத்தான் மரத்தைச் சுத்தி அகழி மாதிரி இருக்கும். பூனை, நரி கிட்ட வராது. தண்ணி வத்திப் போச்சுன்னா அதுக கூட்டையே விட்டுட்டுப் போயிரும் ஐயா. ஆனா தண்ணி இருக்கிற வருசம் எச்சம் கலந்து மடை வழியா வயலுக்கு வரும். உரம் பாதி போட்டாப் போதும்." கண்மாய்க்குப் பயிர், பயிருக்குப் பறவை, பறவைக்கு மறுபடியும் கண்மாய் என்று ஒரு கணக்கு அவரிடம் இருந்தது. அதில் சரணாலயம் என்ற சொல் ஓர் இடத்திலும் வரவில்லை.

வாலிநோக்கம்

கண்மாய் நிலம் தீர்ந்து பனைகள் தொடங்குகின்றன. சாயல்குடியைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறினால் காற்றில் உப்பு. சாலையோரம் அவித்த பனங்கிழங்கைக் கட்டுக் கட்டாக வைத்திருந்தார்கள். நார் உரித்து உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்றுகொண்டே போனோம். எங்கள் பக்கமும் பனை உண்டு. ஆனால் இந்த மணலில் விளைந்த கிழங்கின் இனிப்பு வேறு.

வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. மழைக்காலம் முடிந்து பாத்திகளைச் சீர்படுத்தும் பருவம். ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்று, சேற்றைக் காலால் மிதித்துத் தரையை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மிக அருகில், அடுத்த பாத்தியிலேயே, நெடுங்கால் உள்ளான்கள் சிவந்த கால்களால் அளந்து நடந்தன. அதற்கப்பால் கொசு உள்ளான்கள் ஒரு கூட்டம், ஈரச் சேற்றைத் தையல் ஊசி வேகத்தில் குத்திக்கொண்டே ஓடின. கொசு உள்ளானின் எடை சுமார் 25 கிராம். வடதுருவத்தை ஒட்டிய தூந்திரப் புல்வெளியில் முட்டையிட்டு, குளிர் வருமுன் கிளம்பி, இந்தச் சேறு வரைக்கும் பறந்து வருகிறது. பங்குனி, சித்திரைக்குள் திரும்பிப் போக உடம்பில் கொழுப்புச் சேர்க்க வேண்டும். இங்கே அது குனிந்து குத்துகிற ஒவ்வொரு குத்தும் திரும்பும் வழிக்கான சேமிப்பு. நாம் ஒரு முறை விரட்டிப் பறக்க வைத்தால் அந்தச் சேமிப்பில் கை வைக்கிறோம்.

எங்களைப் பார்த்ததும் பறவைகள் தள்ளிப் போயின; உப்பளத்து ஆட்களைப் பார்த்துப் போகவில்லை. ஒரு அம்மாவிடம் அதைக் கேட்டேன். "நாங்க எங்க வேலையைப் பாக்குறோம், அதுக அதுக வேலையைப் பாக்குது. நீங்க அதுகளைத்தான் பாக்க வந்துருக்கீக. அதான் பயப்படுதுக" என்றார். நேராக முறைத்தபடி நெருங்குகிற உருவத்தைப் பறவை வேட்டையாடியாகத்தான் எடுத்துக்கொள்ளும் என்று பறவையியலார் எழுதுகிறார்கள். உப்பு மிதிக்கிற காலுக்கு அது தெரிந்திருக்கிறது. வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, வளைந்து வளைந்து நடந்து, பாதி வழியில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளான்கள் தாமாகவே மேய்ந்துகொண்டு என் பக்கம் வந்தன. அந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த படங்கள் அங்கே கிடைத்தவை.

மதியம் கீழக்கரையில் சாப்பாடு. மீன் குழம்பில் தேங்காய்ப் பால் தூக்கலாக இருந்தது. முடிக்கும்போது கடைக்காரர் தொதலை ஒரு துண்டு வெட்டிக் கையில் வைத்தார். கருப்பட்டியும் தேங்காய்ப் பாலும் அரிசி மாவும் சேர்ந்து மணிக்கணக்கில் கிளறிய பண்டம். அல்வா என்று நினைத்து வாயில் போட்ட அண்ணன், பிறகு சிவகாசிக்கு இரண்டு கிலோ கட்டச் சொன்னார்.

தனுஷ்கோடி

மறுநாள் காலை பாம்பனைத் தாண்டும்போது 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலமும், அதன் பக்கத்தில் 1914இல் கட்டிய பழைய பாலமும் கண்ணில் பட்டன. ராமேஸ்வரத்தின் கூட்டத்தை விட்டுத் தெற்கே திரும்பினால் கோதண்டராமர் கோயில் வழியாக இருபுறமும் கடல் நெருங்கி வருகிறது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை ரயிலோடு வாரிக்கொண்டு போனது. இப்போது தேவாலயச் சுவரும் ரயில் நிலையத்தின் மிச்சமும் நிற்கின்றன. இடிபாட்டைப் பார்க்க வரும் கூட்டம் அரிச்சல்முனையில் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. வழியில் இருக்கிற ஆழமற்ற உப்பங்கழியில் வண்டியை நிறுத்துகிறவர்கள் குறைவு.

அங்கேதான் பூநாரைகள். முதல் பார்வைக்கு வெளிறிய ஒரு கோடு. தொலைநோக்கியில் அந்தக் கோடு கால்களாகவும் கழுத்துகளாகவும் பிரிந்தது. முழங்கால் தண்ணீரில் நின்று, தலையைக் கவிழ்த்து, மேலலகு கீழே வரும்படி திருப்பி மேய்கின்றன. கால்களால் சேற்றைக் கலக்கிவிட்டு, நாக்கைப் பம்புபோல இயக்கி நீரை உறிஞ்சி, அலகின் ஓரச் சல்லடையில் பாசியையும் சிற்றுயிர்களையும் நிறுத்திக்கொண்டு மற்றதை வெளியே தள்ளுகின்றன. அந்த உணவில் இருக்கும் நிறமிதான் இறகுக்கு இளஞ்சிவப்பைத் தருகிறது. இளசுகள் இன்னும் சாம்பல் நிறத்தில் இருந்தன. குஜராத்தின் கட்ச் உப்புவெளிதான் இந்தியாவில் இவை பெருங்கூட்டமாகக் கூடு கட்டும் இடம். அங்கே கூடு என்றால் சேற்றைக் குவித்த ஒரு சிறு மேடு; அதன் உச்சியில் ஒற்றை முட்டை. 2025 ஜூனில் தமிழக அரசு இந்தப் பகுதியில் 500 ஹெக்டேருக்கு மேல் பூநாரைகள் சரணாலயமாக அறிவித்தது.

பூநாரையைப் படம் எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. நிற்கும்போது அது வெளிறியே இருக்கும். செக்கச் சிவந்த தோளும் கரிய சிறகோரமும் விரித்துப் பறக்கும்போதுதான் தெரியும். அந்த நிறம் வேண்டும் என்பதற்காக அவற்றைப் பறக்க வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அன்று காலையும் நாலைந்து இளைஞர்கள் பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார்கள். ஒருவன் கையைத் தட்டிக் கத்தினான். கழுத்துகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. தண்ணீரில் ஓடி ஓடி எழும்பி, வானத்தில் சிவப்பு விரிந்தது. காமிராக்கள் படபடத்தன. கூட்டம் கடல் பக்கம் போய் இறங்கியது, மேய்ச்சல் நின்றது.

அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார். "இவங்க பேன்சி வெடின்னு நினைச்சுட்டாங்க தம்பி. எரிஞ்சு மேல போனாத்தான் கலர்னு" என்றார். பிறகு அந்தப் பையன்களிடம் நடந்து போனார். சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை. எந்த ஊர், என்ன படிக்கிறீர்கள் என்று விசாரித்துவிட்டு, தன் தொழிலைச் சொன்னார். "எங்க ஆபீஸ்ல ஒரு ரூமுக்கும் அடுத்த ரூமுக்கும் நடுவுல இவ்வளவு எடம் விடணும்னு சட்டம் இருக்கு. அந்த எடத்துல ஒண்ணும் இருக்காது. வெறும் தரை. ஆனா அதுதான் உசுரைக் காப்பாத்துது. இங்கயும் அப்படித்தான்னு வச்சுக்கங்க" என்றார். பையன்கள் அவரோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு கரையேறினார்கள். அவர்களுக்குப் புரிந்ததா என்று தெரியாது. எனக்குப் புரிந்தது. காமிராவில் லென்சை நீட்டுவது தூரத்தைக் குறைக்க என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். தூரத்தை அப்படியே விட்டு வைக்கத்தான் அது இருக்கிறது.

வெயில் ஏறி, நீர்மேல் கானல் நடுங்கத் தொடங்கியதும் படம் எடுப்பது வீண். கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களோடு போய் நின்றோம். கயிற்றின் இரண்டு முனையிலும் இருபது பேர். வலையின் மடி கரையை நெருங்க நெருங்க ஆலாக்களும் கடற்காகங்களும் தலைக்கு மேல் கூடின. சிதறிய பொடி மீன்களை அவை கொத்திப் போவதை யாரும் தடுக்கவில்லை. "அதுக எங்க கூடுதுன்னு பாத்துத்தான் நாங்க மீன் கெடக்குற எடத்தைப் புடிக்கிறோம். கூலி குடுக்காம இருக்க முடியுமா?" என்றார் ஒருவர்.

கொள்ளுக்குடிப்பட்டி

திரும்பும் வழியைக் காரைக்குடி, திருப்பத்தூர் பக்கமாகச் சுற்றிக்கொண்டோம். கடலை விட்டு வெகுதூரம் வந்தாயிற்று. ஆனால் அண்ணனை அழைத்துப் போய்க் காட்ட வேண்டிய ஊர் ஒன்று அங்கே இருந்தது. சிவகங்கை மாவட்டத்தின் வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி ஆகிய மூன்று கண்மாய்களும் சேர்ந்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். 1977இல் அறிவித்தது, பரப்பு 38.4 ஹெக்டேர்தான். இந்தக் கண்மாய்க் கரை மக்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பல பத்தாண்டுகளாக இதுதான் வழக்கம். கோயில் திருவிழாவுக்கும் வெடி கிடையாது. தீபாவளியன்று வனத்துறை அதிகாரிகள் வந்து இனிப்புக் கொடுத்து நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

வீட்டு வாசலுக்கு எதிரே, கண்மாயின் மரங்களில், கூடுகள். இங்கே முக்காலியும் நீண்ட லென்சும் அதிகப்படி என்று தோன்றியது. நத்தைகுத்தி நாரை ஒன்று வாயில் குச்சியோடு ஓட்டு வீட்டைத் தாண்டிப் பறந்தது. வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த சிறுமி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

திண்ணையில் இருந்த ஆத்தா எங்களை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். அண்ணன் கொஞ்சம் தயங்கி, "சிவகாசி ஆத்தா. பயர் ஆபீஸ்ல இருந்தேன்" என்றார். ஆத்தா வாய்விட்டுச் சிரித்தார். "உங்க சரக்கு எங்க ஊருல ஒத்த ரூவாய்க்கு ஓடாது அப்பு. என்ன செய்ய?"

"ஒரு ஊரு வாங்காட்டி எங்களுக்குக் கொறைஞ்சா போயிரும்?" என்று அண்ணனும் சிரித்தார். பிறகு வியாபாரியின் கேள்விகளைக் கேட்டார். பிள்ளைகள் அழாதா? அழும், பெரியவர்கள் எப்போதோ அழுதவர்கள்தான். தலை தீபாவளிக்கு வருகிற மாப்பிள்ளை கோபிக்க மாட்டாரா? "பொண்ணு பாக்க வரும்போதே சொல்லித்தான் அனுப்புவோம். மரத்துல குஞ்சு இருக்கு, எங்க வீட்டுல வெடி கெடையாதுன்னு. சம்மதம்னா வரட்டும்." மீறினால் அபராதமா? அதெல்லாம் இல்லை. யாரும் மீறியதாக ஆத்தாவுக்கு நினைவில்லை.

தடை என்றாலே அண்ணனுக்கு நீதிமன்றம், ஆய்வு, சீல் வைத்த கதவு. யாரும் போடாத ஒரு தடையை ஊரே தன்மேல் போட்டுக்கொண்டு, அதைத் தடை என்றுகூடச் சொல்லாமல் வாழ்வது அவருக்குப் புதிது. யோசித்துவிட்டுக் கடைசியாக ஒன்று கேட்டார். மழை பொய்த்து, கண்மாய் வறண்டு, ஒரு பறவையும் வராத வருசங்கள் இருந்திருக்குமே, அந்தத் தீபாவளிக்காவது வெடித்தீர்களா?

"இல்லை" என்றார் ஆத்தா. "வராத வருசம் வெடிச்சுப் பழகிட்டா, வர்ற வருசம் நிப்பாட்ட முடியுமா அப்பு?"